ஆன்டிபயாடிக் "தடை"ன்னு செய்தி வந்தாலே கடையில கேக்குற கேள்விகள்

செங்கோட்டையில ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்டா இருக்கேன், பதினாறு வருஷமா அதே கவுன்டர் தான். "சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்கத் தடை"ன்னு டிவில ஒரு வரி ஓடிட்டா போதும், அன்னைக்கு சாயங்காலம் மாத்திரை வாங்க வர்றவங்களை விட போனை நீட்டி "இத பாருங்க"ன்னு வர்றவங்க தான் ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில், தொண்டை வத்திப் போகுது. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதிட்டேன், இனிமே யாராச்சும் கேட்டா இதை அனுப்பி விட்டுருவேன்.

அண்ணாச்சி, இன்னைல இருந்து ஆன்டிபயாடிக்கை தடை பண்ணிட்டாங்களாமே?

யாரும் தடை பண்ணல. டாக்டர் சீட்டு இருந்தா நேத்தும் கிடைச்சுச்சு, இன்னைக்கும் கிடைக்கும். சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கறது பழைய சட்டம், 1945ல வந்த மருந்து விதிகள்லயே ஷெட்யூல் எச்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல உள்ள மருந்தை பதிவு பெற்ற டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் தான் சில்லறையில விக்கணும். யாரும் கறாரா கடைப்பிடிக்கல, அவ்வளவு தான்.

அதனால என்ன ஆகுதுன்னா, எங்கயாவது ஒரு அதிகாரி "விதியை மீறினா நடவடிக்கை"ன்னு சொன்னா அது பேப்பர்ல "புதிய தடை"ன்னு வந்துருது. "பழைய விதியை ஞாபகப்படுத்தினார்"னு போட்டா யாரு படிப்பா சொல்லுங்க. கிருமிங்க மருந்துக்கு அடங்காம போறதைப் பத்தி நவம்பர் 18ல இருந்து 24 வரைக்கும் உலக அளவுல ஒரு விழிப்புணர்வு வாரம் வேற இருக்கு, அந்த வாரம் பூரா இந்த செய்தியா வரும், டிசம்பர் பொறந்தா ஒருத்தரும் பேச மாட்டாங்க.

ஷெட்யூல் எச், எச்1னு மாத்தி மாத்தி எழுதுறாங்களே, ரெண்டும் ஒன்னு தானா?

ஒன்னு இல்ல, பேப்பர்ல அடிக்கடி குழப்புறது இதைத்தான். ரெண்டுக்குமே சீட்டு வேணும். எச்1ங்கறது 2013 ஆகஸ்ட்ல அறிவிச்சு 2014 மார்ச் 1ல இருந்து நடைமுறைக்கு வந்த தனிப் பட்டியல், மொத்தம் 46 மருந்து. அதை வித்தா டாக்டர் பேரு, விலாசம், நோயாளி பேரு, மருந்து, எத்தனைங்கறதெல்லாம் தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும், டிரக் இன்ஸ்பெக்டர் வந்தா முதல்ல அந்த நோட்டைத் தான் கேப்பாரு.

46ம் ஆன்டிபயாடிக்னு நினைச்சுக்காதீங்க. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், ஆஸ்பத்திரில ஏத்துற மெரோபெனம் எல்லாம் அதுல உண்டு, கூடவே டிபி மாத்திரை, தூக்க மாத்திரை, டிரமடால் மாதிரி வலி மருந்தும் உண்டு. ஆனா ஜனங்க பேரைச் சொல்லியே கேட்டு வாங்குற அசித்ரோமைசின் அதுல இல்ல, அது வெறும் எச் தான். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்கை மூணு கூட்டமா பிரிச்சு, இதையெல்லாம் கவனமா குடுங்கன்னு நடுவுல ஒரு கூட்டம் வெச்சிருக்கு, அசித்ரோமைசின் அந்தக் கூட்டத்துல இருக்கு, நம்ம ஊர்ல அதுக்கு நோட்டுல பதிவு கூட கிடையாது. இதை ஒரு ரிப்போர்ட்டர் எழுதி நான் பாத்ததே இல்ல.

அட்டையில சிவப்பு கோடு இருந்தா அது ஆன்டிபயாடிக்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, சரியா?

பாதி சரி. 2016ல மத்திய அரசு இந்த சிவப்பு கோடு பிரச்சாரத்தை ஆரம்பிச்சப்ப ஆன்டிபயாடிக்கை முன்னாடி வெச்சு தான் விளம்பரம் பண்ணினாங்க, அதனால செய்தியும் அப்படியே வந்துருச்சு. உண்மையில அந்தக் கோடுக்கு "சீட்டு இல்லாம சாப்பிடாதே"ன்னு மட்டும் தான் அர்த்தம். டைக்ளோஃபினாக் வலி மாத்திரைலயும் இருக்கும், பிரஷர் மாத்திரைலயும் இருக்கும். போன வருஷம் ஒரு ஆச்சி பிரஷர் மாத்திரை அட்டையில சிவப்பு கோடு பாத்துட்டு "இது கெட்ட மாத்திரையாம்லா"ன்னு நாலு நாள் சாப்பிடாம இருந்துட்டாங்க. அரைகுறை செய்தி போய் விழுற இடம் அது தான்.

டாக்டருங்க காரணம் எழுதினா தான் ஆன்டிபயாடிக் குடுக்கணும்னு 2024ல சட்டம் வந்துச்சே?

சட்டம் வரல, ஒரு கடிதம் வந்துச்சு. 2024 ஜனவரியில மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர் அதுல் கோயல், மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கும் டாக்டர் சங்கங்களுக்கும், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதுக்காக எழுதுறீங்கன்னு குறிப்பிடுங்கன்னு எழுதினாரு, பார்மசிஸ்ட் சங்கங்களுக்கும் சீட்டு இல்லாம குடுக்காதீங்கன்னு எழுதினாரு. கடிதத்துக்குள்ள கட்டாயம்னு வார்த்தை இருந்துச்சு, நிறைய பேரு அதை மட்டும் தூக்கி தலைப்புல வெச்சுட்டாங்க. கடிதம்னா வேண்டுகோள், மீறினா தண்டனைன்னு எதுவும் அதுல கிடையாது. அதே தான் 2025 டிசம்பர்ல பிரதமர் மனதின் குரல்ல இதைப் பத்தி பேசினப்பவும், ஐசிஎம்ஆர்ங்கற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட அறிக்கையைச் சொல்லி டாக்டரைக் கேக்காம சாப்பிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு, மறுநாள் காலைல என் கவுன்டர்ல "மோடி சட்டம் போட்டுட்டாராமே"ன்னு மூணு பேரு.

ஒரு செய்தி கண்ணுல பட்டா நான் முதல்ல பாக்குறது இது அரசாணையா, அறிவுரையா, வரைவா, ரெய்டான்னு. அரசிதழ்ல வந்திருந்தா மட்டும் தான் எங்க நோட்டுல ஏதாவது மாறும்.

ஆரியங்காவு தாண்டி கேரளா போனா ஒரு மாத்திரை கூட தர மாட்டேங்கறான், இங்க மட்டும் எப்படி கிடைக்குது?

மத்திய சட்டம் ரெண்டு பக்கமும் ஒன்னு தான், கேரளாவுல அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2018லயே அவங்க மாநில அளவுல ஒரு செயல்திட்டம் போட்டாங்க, இந்தியாவுல அது தான் முதல். 2024 ஜனவரியில "ஆபரேஷன் அம்ரித்"னு ஆரம்பிச்சு மருந்து கட்டுப்பாட்டுத் துறை கடை கடையா சொல்லாம போய் நின்னாங்க. சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தர மாட்டோம்னு கடையில போஸ்டர் ஒட்டணும், மீறுற கடை மேல ஜனங்களே புகார் குடுக்கலாம். ஆன்டிபயாடிக்கை தனியா நீல கவர்ல போட்டுக் குடுக்கவும் ஆரம்பிச்சாங்க, வீட்ல பத்து மாத்திரையோட சேந்து கிடந்தாலும் இது வேறன்னு தெரியட்டும்னு. எனக்குப் பிடிச்ச யோசனை.

அங்க செய்தி போடுற விதமும் கொஞ்சம் வேற. நமக்கு இங்க மலையாளச் சேனல் நல்லா எடுக்கும், நான் பாக்குறதுண்டு. ரெய்டு நடந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டு விடாம ஏன் நடக்குது, கிருமி எப்படி மருந்துக்குப் பழகுதுன்னு டாக்டரை உக்கார வெச்சு பேச விடுறாங்க, நம்ம பக்கம் ரெய்டுன்னா கடை ஷட்டரைக் காட்டிட்டு விளம்பரத்துக்குப் போயிருவாங்க. அங்கயும் சும்மா பரபரப்பு பண்றவங்க இல்லாம இல்ல. ஆனா ஒன்னு, அந்த ரெய்டு சூடா இருந்த மாசங்கள்ல மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஆளுங்க எங்க கடைக்கு வந்து அசித்ரோமைசின் கேட்டாங்க, இதை எந்தச் சேனலும் காட்டல.

கேரளாவுல ஆன்டிபயாடிக் விற்பனை ஆயிரம் கோடி குறைஞ்சிருச்சுன்னு போட்டாங்களே, நம்பலாமா?

சொன்னது அவங்க சுகாதார அமைச்சரா இருந்த வீணா ஜார்ஜ், 20ல இருந்து 30 சதவீதம் வரை உபயோகம் குறைஞ்சதாவும் சொன்னாங்க. குறைஞ்சிருக்கும்னு தான் நானும் நினைக்கிறேன், மொத்த வியாபாரிங்க பேசுறதும் அப்படித்தான். ஆனா இந்தக் கணக்கைப் போட்ட முக்கால்வாசி செய்தி அடுத்த கேள்வியைக் கேக்கல.

ரூபாய் குறைஞ்சா மாத்திரை குறைஞ்சதுன்னு நேரா சொல்லிர முடியாது. விலை உயர்ந்த ஊசி மருந்து கொஞ்சம் குறைஞ்சாலே கோடி கணக்குல இறங்கும், அஞ்சு ரூபா மாத்திரை அப்படியே ஓடிக்கிட்டு இருக்கலாம். கடையில குறைஞ்சதா ஆஸ்பத்திரில குறைஞ்சதா, எந்த வகை குறைஞ்சுச்சு, பில் போடாம போனது எவ்வளவு, இதெல்லாம் தெரிஞ்சா தான் முழு படம். அதைவிடப் பெரிய கேள்வி, விற்பனை குறைஞ்சதால கிருமிகளோட எதிர்ப்பும் குறைஞ்சுச்சாங்கறது, அது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல தெரியுற விஷயம் இல்ல.

இந்தியாதான் உலகத்துலயே அதிகமா ஆன்டிபயாடிக் முழுங்குதாமே?

மொத்தக் கணக்குல நாம பெரிய ஆளு தான், 140 கோடி ஜனம் இருக்கோம்ல. தலைக்கு எவ்வளவுன்னு பாத்தா கதை வேற. 2022ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட தென்கிழக்கு ஆசியப் பதிப்புல ஒரு ஆய்வு வந்துச்சு, 2019ல தனியார் மருந்து விற்பனையை வெச்சு பண்ணினது. 1000 பேருக்கு ஒரு நாளைக்கு 10.4 டோஸ்னு கணக்கு வந்துச்சு, இது பல நாடுகளை விட கம்மி. இந்த நல்ல செய்தி தலைப்புக்கு வரவே இல்ல.

தலைப்புல வந்தது ரெண்டு, அசித்ரோமைசின் 500 தான் நம்ம ஊர்ல நம்பர் ஒன், அப்புறம் வித்ததுல 47 சதவீதம் மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்போட ஒப்புதல் இல்லாத தயாரிப்புகள். ரெண்டும் உண்மை தான். ஆனா ரெண்டாவதைப் படிச்சுட்டு "பாதி மாத்திரை போலியாம்"னு வந்து சண்டை போட்டவங்க உண்டு. ஒப்புதல் இல்லாததுன்னா போலின்னு அர்த்தம் இல்லைங்க, மாநிலம் லைசென்ஸ் குடுத்திருக்கும், மத்தியில அனுமதி இருக்காது, அந்த ஓட்டை வழியா வர்றது. அது அரசு அடைக்க வேண்டிய ஓட்டை, கவுன்டர்ல நிக்கிற என்னை உலுக்கி என்ன பிரயோஜனம்.

2050ல வருஷத்துக்கு ஒரு கோடி பேரு செத்துருவாங்கன்னு எல்லாத்துலயும் போடுறாங்களே?

அந்த ஒரு கோடி 2014ல பிரிட்டன்ல ஜிம் ஓ'நீல் தலைமையில இருந்த குழு போட்ட கணிப்பு. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி போட்டுக்கிட்டு இருக்காங்க. 2024 செப்டம்பர்ல லான்செட்ல வந்த கணிப்பு, 2050ல நேரடியா இந்த எதிர்ப்புக் கிருமியால சாகுறவங்க 19 லட்சம், அதோட சம்பந்தப்பட்ட சாவு 82 லட்சம்னு சொல்லுது.

இந்த நேரடி, சம்பந்தப்பட்டங்கற வித்தியாசத்தைத் தான் செய்தில முழுங்கிருவாங்க. கேன்சருக்கு வைத்தியம் பாக்குற ஒருத்தருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி தொத்தி அவரு இறந்தா, கிருமி சாதாரணமா இருந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு பாக்குறாங்க. பிழைச்சிருப்பாருன்னா நேரடி. அந்தக் கிருமிக்கு சாவுல பங்கு இருந்துச்சு, ஆனா மருந்துக்கு அடங்காதது தான் காரணமான்னு சொல்ல முடியலன்னாலும் சம்பந்தப்பட்டதுல சேரும், நேரடி கணக்கும் அதுக்குள்ள அடக்கம். 2019ல உலகம் பூரா நேரடி 12.7 லட்சம், சம்பந்தப்பட்டது 49.5 லட்சம். ஒரே ஆய்வை வெச்சு ஒரு பேப்பர் 12 லட்சம்னும் இன்னொன்னு 50 லட்சம்னும் போட்டா ரெண்டு பேரும் பொய் சொல்லல, நமக்கு விளக்கல, அவ்வளவு தான்.

"நியூ டெல்லி கிருமி"ன்னு ஒன்னு வந்துச்சே, அது நம்மளை அசிங்கப்படுத்த கிளப்பி விட்டதா?

இது பழைய கதை, ஆனா இந்தக் கட்டுப்பாடு எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிய இதைத் தெரிஞ்சுக்கணும். டெல்லில ஆஸ்பத்திரில படுத்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒருத்தர் கிட்ட வேற எதுவும் கேக்காதப்ப குடுக்குற கடைசி நிலை மருந்தையும் உடைக்கிற ஒரு நொதி இருக்கறதைக் கண்டுபிடிச்சு என்டிஎம்-1னு பேரு வெச்சாங்க, அதுல என்டி தான் நியூ டெல்லி. 2010 ஆகஸ்ட்ல லான்செட் தொற்றுநோய் இதழ்ல பெரிய கட்டுரை வந்துச்சு, சென்னைல 44, ஹரியானால 26, பிரிட்டன்ல 37ன்னு மாதிரிகள்ல அது இருந்துச்சுன்னு. கட்டுரையோட முதல் பேரு யாரு தெரியுமா, சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆய்வு பண்ணின கார்த்திகேயன் குமாரசாமி. நம்ம ஆளு.

டிவி பூரா அப்ப என்ன பேச்சு? மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெளிநாட்டுக்காரன் பண்ற சதி, பாராளுமன்றத்துலயும் அதே பேச்சு. ஊர் பேரை கிருமிக்கு வெச்சது தப்பு தான், லான்செட் ஆசிரியரே அப்புறம் வருத்தப்பட்டாரு, அது இங்க பெரிய வெற்றி மாதிரி வந்துச்சு. ஆனா சென்னைல அந்த 44 எப்படி வந்துச்சுங்கற கேள்வி பேரு சண்டைல அமுங்கிப் போச்சு. 2011ல டெல்லில குழாய்த் தண்ணி 50 மாதிரி எடுத்ததுல ரெண்டுல, தெருவுல தேங்கி நின்ன தண்ணி 171ல 51ல அந்த நொதியை உண்டாக்குற மரபணு இருந்துச்சு. அந்த வருஷமே தேசியக் கொள்கை ஒன்னு வந்துச்சு, ரொம்பக் கடுமையா ஒரு விற்பனைக் கட்டுப்பாட்டுக்கும் யோசனை பண்ணினாங்க, எதிர்ப்பு வந்ததும் விட்டுட்டாங்க. 2012ல சென்னைல டாக்டர் சங்கங்கள் சேந்து சென்னைப் பிரகடனம்னு ஒன்னு போட்டு, டாக்டரே இல்லாத ஊர் இருக்கற நாட்டுல ஒரே நாள்ல எல்லாத்தையும் மூட முடியாது, படிப்படியா போவோம்னு சொன்னாங்க. அப்புறம் வந்தது தான் ரெண்டாவது கேள்வில சொன்ன எச்1. இதையெல்லாம் கோத்து ஒரு செய்தியா போட்டா நல்லா இருக்கும், ஆனா தனித்தனியா தான் வரும்.

வெளிநாட்டுல இப்படி கறாரா பண்ணினவங்க உண்டா?

உண்டு. மெக்சிகோல 2010 ஆகஸ்ட் 25ல இருந்து சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் கிடையாதுன்னு அமல்படுத்தினாங்க, அங்கயும் நம்மளை மாதிரியே சட்டம் முன்னாடியே இருந்துச்சு, தூங்கிக்கிட்டு இருந்துச்சு, 2009ல பன்றிக் காய்ச்சல் வந்தப்ப தான் முழிச்சாங்க. விற்பனை குறைஞ்சுச்சு. கூடவே ஒரு கூத்தும் நடந்துச்சு, மருந்துக் கடைக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு ரூம், உள்ள ஒரு டாக்டர், கம்மி ஃபீஸ்ல சீட்டு, அந்த மாதிரி கிளினிக் சில வருஷத்துல பல மடங்கு ஆயிருச்சு. சீட்டு வேணும்னு சட்டம் சொன்னா சீட்டு உற்பத்தி ஆகும், அவ்வளவு தானே. சிலி 1999லயே பண்ணினாங்க, முதல்ல நல்லா இறங்குச்சு, பிடி தளந்ததும் மெல்ல ஏறிக்கிச்சு.

எல்லாத்துக்கும் ஏன் அண்ணாச்சி கடைக்காரனையே போட்டுக் காட்டுறாங்க?

படம் எடுக்கச் சுலபம். சட்டைப் பையில கேமராவ வெச்சுக்கிட்டு வந்து "அண்ணே காய்ச்சலுக்கு ரெண்டு செட் மாத்திரை குடுங்க"ன்னு கேட்டா பத்து நிமிஷத்துல செய்தி ரெடி. ஒரு ஆஸ்பத்திரில தேவையில்லாம எத்தனை பேருக்கு ஏத்துறாங்கன்னு எடுக்க மாசக்கணக்கா உக்காரணும், கோழித் தீவனத்துல என்ன போகுதுன்னு எடுக்க பண்ணைக்குள்ள விட மாட்டான். கொலிஸ்டின்னு ஒரு கடைசி நிலை மருந்து, அதைக் கோழிக்குக் கொழுக்க வைக்கக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, 2019 ஜூலைல தான் அரசு தடை பண்ணுச்சு. இது தான் நிஜமான தடை, எத்தனை பேரு கேள்விப்பட்டீங்க?

டாக்டருங்க பக்கமும் பேசணும். 2023 மார்ச்ல இந்திய மருத்துவச் சங்கமே, சீசன் காய்ச்சல் இருமலுக்கு எல்லாம் அசித்ரோமைசின், அமாக்சிகிளாவ் எழுதாதீங்கன்னு டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டி வந்துச்சு. சீட்டோட வர்றது எல்லாம் சரியான சீட்டுன்னு அர்த்தம் இல்லைங்கறது அவங்களே ஒத்துக்கிட்ட விஷயம்.

அதெல்லாம் சரி, நீங்களே முன்னாடி சீட்டு இல்லாம குடுத்தீங்கல்லா?

குடுத்தேன். மறைக்க ஒன்னும் இல்ல. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ரெண்டு வேளைக்கு மாத்திரை கத்திரிச்சுக் குடுக்குறது தான் யாவாரமே, பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு கிளினிக் போயி ஃபீஸும் குடுக்க முடியாதுன்னு நிக்கும்போது மாட்டேன்னு சொல்ல வாய் வராது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஒன்னும் பண்ணாதுன்னு படிச்சது எனக்குத் தெரியும், தெரிஞ்சே தான் குடுத்தேன். நான் குடுக்கலன்னா பக்கத்துக் கடைல வாங்குவாங்கன்னு ஒரு சமாதானம்.

நிறுத்தினது சட்டத்தைப் பாத்து இல்ல. சொந்தக்காரர் ஒருத்தருக்கு மூத்திரத் தொற்று, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட்டைக் கொண்டு வந்து காட்டினாரு, வரிசையா எல்லா மருந்துக்கும் நேரா எதிர்ப்பு, எதிர்ப்புன்னு போட்டிருந்துச்சு, கேக்குற மருந்து ரெண்டே ரெண்டு, ரெண்டும் ஊசி. அந்தப் பட்டியல்ல மேல இருந்த அஞ்சு மருந்தும் நான் வருஷக்கணக்கா கத்திரிச்சுக் குடுத்த மாத்திரைங்க. என்னால தான்னு சொல்ல வரல, ஆனா அந்தப் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் இருக்கு.

இவ்வளவு பேசுறீங்களே, இப்ப எனக்குத் தொண்டை வலி, ஒரே ஒரு அட்டை அசித்ரோ குடுப்பீங்களா மாட்டீங்களா?

மாட்டேன். உப்புத் தண்ணில கொப்பளிங்க, வலிக்கு பாராசிட்டமால் வேணா தர்றேன், அதுக்கு சீட்டு வேண்டாம். ரெண்டு மூணு நாள்ல அடங்கல, இல்ல காய்ச்சல் ஏறுது, முழுங்க முடியல, மூச்சு விட சிரமமா இருக்குன்னா காத்துக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஜிஎச்ல ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. டாக்டர் பாத்துட்டு எழுதினாருன்னா அந்தச் சீட்டைக் கொண்டு வாங்க, இதே கவுன்டர்ல தான் இருப்பேன்.